ஏழாவது வரி

நான்கு ஸ்க்ரூவில் மூன்று கழன்றுவிட்டது. நான்காவது அடம்பிடித்தது.

பேலன்ஸ் முழங்காலைத் தரையில் ஊன்றி, ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டான். சூட்டில் உருகிய பெயிண்ட் ஸ்க்ரூவின் தலையை மூடியிருந்தது. வழுக்கியது. மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது.

மணி பத்து முப்பத்தைந்து. பதினோரு மணிக்குத் தீ விபத்து விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் எரிந்துபோன இந்தக் கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை எடுத்துவிட்டு, பையில் கொண்டு வந்திருக்கும் இன்னொன்றை வைத்தாக வேண்டும். வைத்துவிட்டால் கடைக்குப் போகலாம். வைக்காவிட்டால் ஜெயிலுக்குப் போகலாம். நடுவில் இறங்கிக்கொள்ள ஸ்டாப் எதுவும் கிடையாது.

அறை முழுக்கக் கரி. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் அட்டைகள் உருகி, வழிந்து, பாதியில் உறைந்து நின்றன. தீயணைப்புக்காரர்கள் அடித்த தண்ணீர் மூன்று நாளாகியும் மூலையில் தேங்கிக் கிடந்தது. மேஜைக்கு முன்னால் அந்த நாற்காலி. சாய்ந்து உட்காரும் நாற்காலி. அதன் பக்கம் மட்டும் பேலன்ஸ் திரும்பவில்லை.

மூன்று நாள் முன்னால், அந்த நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில்தான் அவனுடைய தங்கை புருஷன் விழுந்து கிடந்தார். தீ அவரைத் தொடவேயில்லை. ஸ்பாஞ்சிலிருந்து வந்த புகை இரண்டு நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

க்ரீச்.

நான்காவது ஸ்க்ரூ அசைந்தது.

அப்பா அம்மா வைத்த பெயர் அவனுக்குக் கரண்ட் பில்லில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. கடைத்தெருவுக்கே அவன் பேலன்ஸ். கேமிங் கம்ப்யூட்டர் வாங்க வருகிற எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள். "கார்டு பெருசா போட்டுடுங்க, மத்ததைப் பாத்துக்கலாம்." கார்டு என்றால் கிராபிக்ஸ் கார்டு. திரையில் படம் வரைவது அது. உடனே இவன் பேனாவை மூடி வைத்துவிட்டு ஆரம்பிப்பான். "தம்பி, தையல் கடை பாத்திருக்கியா? ஒருத்தர் துணி வெட்டணும், ஒருத்தர் தைக்கணும். பிராசஸர் வெட்டற ஆளு. கார்டு தைக்கிற ஆளு. வெட்டறவர் கிழவரா இருந்தா, தைக்கிறவர் எவ்ளோ பெரிய பயில்வானா இருந்தும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். பேலன்ஸ் வேணும். பட்ஜெட்டை நூறு பங்கு போட்டா கார்டுக்கு நாப்பது, பிராசஸருக்கு இருபது. அதுக்கு மேல ஆசைப்படாதே."

சொல்லிச் சொல்லியே பெயர் ஒட்டிக்கொண்டது.

சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. விலைப் பட்டியலில் முதல் வரி பிராசஸர். இரண்டாவது கார்டு. அப்புறம் மதர்போர்டு, ராம், டிஸ்க், கேபினட். ஏழாவது வரி எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் அளந்து கொடுக்கும் இரும்புப் பெட்டி. முதல் இரண்டு வரியில் மல்லுக்கட்டிக் களைத்துப்போகிற வாடிக்கையாளர், ஏழாவது வரிக்கு வரும்போது போனை நோண்டிக்கொண்டிருப்பார். இருபது வருஷத்தில் ஏழாவது வரியைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வரியில்தான் பேலன்ஸ் பேலன்ஸ் செய்வான்.

கடையின் பின்னறையில், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய நானூறு வாட் பெட்டிகள் ஒரு டஜன் கிடந்தன. பக்கத்து அலமாரியில் ஒரு ஸ்டிக்கர் ரோல். வெள்ளித் தாளில் பளபளவென்று 750 என்று அச்சடித்தது. துடைத்து, ஊதி, ஒட்டினால் முடிந்தது. வருஷக்கணக்காக ஓடின. யாரும் திரும்பி வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டியை அவன் சின்னக் கார்டு வாங்குகிறவர்களுக்குத்தான் கொடுப்பான். நானூறே அவர்களுக்குத் தாராளம். பெரிய கார்டை மாட்டினால்தான் பெட்டி தாங்காமல் கொதிக்கும். தப்புக்கும் ஓர் அளவு வைத்திருந்தான்.

தங்கை வீட்டில்தான் அந்த அளவு தவறியது.

மூன்று மாதம் முன்னால், இதே வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு பட்டியல் போட்டான்.

"மச்சான், கார்டுல மட்டும் கை வைக்காதீங்க," என்றார் மாப்பிள்ளை.

"நீங்க ஆடறது துப்பாக்கிச் சண்டை மாப்பிள்ளை. எதிராளி எங்க நிக்கறான், குண்டு எங்க போகுது, எல்லாம் பிராசஸர் போடற கணக்கு. அதைச் சின்னதாப் போட்டுட்டு கார்டைப் பெருசாப் போட்டா, ஆள் பாக்க ஜம்முன்னு இருப்பான், நடந்தா மூச்சு வாங்கும்."

"ஆடறது நான். நெட்டுல லைவாப் பாக்கறது நானூறு பேர். பாக்கறவங்களுக்கு ஆட்டமா முக்கியம்? படம் மச்சான், படம்! படம் பளிச்சுன்னு இல்லேன்னா நானூறுல முந்நூறு பேர் பாத்திரம் கழுவப் போயிடுவாங்க."

"அப்ப கார்டைக் கொஞ்சம் குறைச்சு..."

"பிராசஸரைக் கொஞ்சம் குறைச்சு..."

சமையலறையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "ஒரு டப்பாவுக்கு ரெண்டு பேரும் பேர் வைக்கற மாதிரி பேசறீங்க. எழுந்து சாப்பிட வாங்க."

கிளம்பும்போது படிக்கட்டு வரை கூடவே வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணா, அவர் கேக்கறதை இல்லேன்னு சொல்லாத. ஆறு மாசம் வேலை இல்லாம சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவர். இப்பதான் ஏதோ ஒண்ணுல சிரிக்கறார்."

இல்லை என்று சொல்லவில்லை. இரண்டையும் போட்டான். பெரிய பிராசஸர், பெரிய கார்டு, சொன்ன பட்ஜெட். மாப்பிள்ளை அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். எப்படிக் கட்டுப்படியாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நியாயமாக முன்கடை அலமாரியிலிருந்து அசல் 750 பெட்டி ஒன்றை எடுத்து, தங்கைக்காக என்று சொந்தக் கையிலிருந்து போட்டிருக்கலாம். கை அந்தப் பக்கம்தான் நீண்டது. பிறகு பின்னறைக்குப் போயிற்று. பழக்கம்.

நான்காவது ஸ்க்ரூ கையோடு வந்தது.

பெட்டியை இழுத்தான். ஒரு பக்கம் முழுதும் வெந்து கறுத்திருந்தது. காற்றுப் போகும் துளைகளில் ஏதோ பொங்கி வழிந்து இறுகிப்போயிருந்தது. நெருப்பு கிளம்பிய வாய் அதுதான். இருபது வருஷம் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவனுக்கு அதைச் சொல்ல விசாரணை அதிகாரி தேவையில்லை. பின்புறம் இருந்த ஸ்பாஞ்ச் சுவரில் தீ ஏறிய தடம் கூடத் தெரிந்தது. பெட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டான். அசலை எடுத்தான்.

அசல் பெட்டியும் கறுப்பாகத்தான் இருந்தது. நேற்று மத்தியானம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, கேஸ் டார்ச்சால் அவனே சுட்டது. மூன்று மாதம் முன்னால் கை நீண்டு திரும்பிய அதே அலமாரியில், அதே இடத்தில் இருந்த அதே பெட்டி.

ஒயர்களை மாட்டத் தொடங்கியபோதுதான் முதல் உறுத்தல்.

கார்டை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருந்தது. அவன் எப்போதும் இரண்டு போடுவான். கனமான கார்டுக்கு ஒரு ஸ்க்ரூ போடுகிறவனை அவன் கடையில் நிற்கவே விடமாட்டான். கேபினட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் டை கிடந்தது. ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற டை. நடுவில் வெட்டப்பட்டிருந்தது. கார்டுக்குப் போகிற ஒயர்களை அவன் கட்டவே இல்லையே? கட்டிலுக்கடியில், தண்ணீரில் ஊறிய கார்டின் அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. கார்டைச் சுற்றி வருகிற வெள்ளிநிறக் கவர் அதன்மேல். மேஜையில், விசைப்பலகைக்குப் பக்கத்தில், மஞ்சள் கைப்பிடி உருகிய சமையலறைக் கத்தரிக்கோல்.

துடைப்பதற்காக மாப்பிள்ளை கார்டைக் கழற்றியிருப்பார். அப்படித்தான் இருக்கும். யோசிக்க நேரமில்லை.

பத்து ஐம்பத்திரண்டு. கடைசி ஸ்க்ரூவை முறுக்கினான். நான்கு தலைகளும் புதிதாகக் கீறிப் பளபளத்தன. சுவரிலிருந்து கரியை வழித்துக் கட்டைவிரலால் ஒவ்வொன்றின் மேலும் தேய்த்தான். மாப்பிள்ளையின் அலமாரியைத் திறந்து நான்கு சட்டையை அள்ளிப் பைக்குள் திணித்தான். துணி எடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் தங்கையிடம் சாவி வாங்கியிருந்தான். கேட்டவுடன் கொடுத்துவிட்டாள். என்ன துணி, எதற்குத் துணி என்று கூடக் கேட்கவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம்.

"யாருங்க உள்ள?"

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கோப்பு. அறையைப் பார்ப்பதற்கு முன்னால் அவனைப் பார்த்தார்.

"நான் இந்த வீட்டுப் பொண்ணுக்கு அண்ணன் மேடம். மாப்பிள்ளையோட துணி ரெண்டு எடுத்துட்டுப் போகலாம்னு..."

"துணி எடுக்க வந்தவர் கையில இவ்ளோ கரியா?"

"தொட்ட இடமெல்லாம் கரிதானே மேடம்."

"அதுவும் சரிதான்." பையை டார்ச்சால் தட்டினார். டங்கென்றது. "சட்டையா இது?"

"அடியில ஷூ இருக்கு மேடம்."

"இரும்பு ஷூ போடுவாரோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கேபினட்டின் பக்கம் குனிந்தார். "முதல் நாள் வந்தவங்க படம் எடுத்திருக்காங்க பாருங்க, இருபது படம். இருபதுலயும் புகை. கல்யாண ஆல்பம் மாதிரி வளைச்சு வளைச்சு எடுத்திருக்காங்க, வேண்டியது ஒண்ணுகூட இல்ல. இந்த மெஷினை யார் கட்டினது?"

பொய் சொல்லலாம். நாளைக்கே தெரிந்துவிடும்.

"நான்தான் மேடம். கடை வச்சிருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "நல்லதாப் போச்சு. எனக்கு இந்த விளையாட்டு மெஷின் எல்லாம் புரியாது. எது என்ன பண்ணும், சொல்லுங்க."

சொன்னான். வேறு எதுவும் வாயில் வரவில்லை. வெட்டுகிறவர், தைக்கிறவர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பயில்வான். எரிந்த அறையில் நின்றுகொண்டு அதே பல்லவியை அவனே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஓ. வெட்டறவர், தைக்கிறவர்," என்றார் அதிகாரி. "தையல் கடைக்குக் கரண்ட் யார் குடுக்கறாங்க?"

இருபது வருஷத்தில் கேட்ட ஐந்தாவது ஆள்.

"கீழ இருக்கற பெட்டி மேடம். எஸ்.எம்.பி.எஸ்."

டார்ச் கீழே இறங்கியது. பெட்டியின் பக்கவாட்டில் பொறித்த எழுத்துகளைக் கைக்குட்டையால் துடைத்துப் படித்தார். சீரியல் நம்பரைக் கோப்பில் எழுதிக்கொண்டார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் எங்கிருந்தோ வந்தது.

"நல்ல பெட்டிதான். எழுநூத்தம்பது. ரெண்டு பேருக்கும் தாராளமாப் போதுமே?"

"போதும் மேடம்."

"அப்ப மெஷின்ல குறை இல்ல. பாருங்க, சுவத்துல ஸ்பாஞ்ச். அதை ஒட்டி மெஷினைத் தள்ளி வச்சிருக்கார், சூடு வெளிய போக வழியில்ல. ஒரே எக்ஸ்டென்ஷன்ல ஆறு பிளக். கதவை உள்பக்கம் தாழ் போட்டு, இடுக்குல எல்லாம் ஸ்பாஞ்ச் அடைச்சு, காதுல ஹெட்போன்." பேனாவைத் திறந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உபயோகிச்சவரோட கவனக்குறைவுன்னுதான் எழுத வரும். செத்தவரைச் சொல்லக் கூடாதுதான். ஆனா அவரே வச்சுக்கிட்ட தீ இது."

"சரிங்க மேடம்," என்றான் பேலன்ஸ்.

அந்தச் சரி வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். முதல் நான்கு படி உடம்பு காற்றாக லேசாக இருந்தது. தப்பித்தோம். ஐந்தாவது படியில், கேட்காமலே, அந்த மத்தியானம் வந்து முன்னால் நின்றது.

அன்றைக்குக் காலையில் அவன்தான் மாப்பிள்ளைக்குப் போன் செய்திருந்தான். "மாப்பிள்ளை, ரெண்டு மணிக்கு ஒரு அண்ணன் தம்பி கடைக்கு வராங்க. கேமிங் சென்டர் ஆரம்பிக்கப் போறாங்களாம். இருபது மெஷின்! உங்க ஆட்டத்தை டி.வி.யில போட்டுக் காட்டப்போறேன். எல்லா செட்டிங்கையும் ஃபுல்லுல வச்சு ஓட விடுங்க. நம்ம பேலன்ஸ் என்னன்னு பாக்கட்டும்."



"ஃபுல்லுலயா மச்சான்?"

"ஏன், ஓடாதா?"

"மச்சான் கட்டின மெஷின் ஓடாம என்ன," என்று சிரித்தார் மாப்பிள்ளை.

இரண்டு மணிக்கு டி.வி.யில் அந்தப் படம் வந்தபோது அண்ணன் தம்பி இருவருமே நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மழையில் நனைந்த தெரு. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக. ஓரத்தில் பார்க்கிறவர்களின் கமெண்ட்கள் ஓடின. 'என்ன ப்ரோ, இன்னிக்குப் படம் கண்ணாடி மாதிரி இருக்கு?' 'இன்னிக்குத்தான் கார்டு வாங்கினீங்களா?' மாப்பிள்ளை அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். கிண்டல் என்று பேலன்ஸ் நினைத்தான்.

இரண்டு பதினேழுக்குப் படம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு கறுப்பு.

"நெட்டு போயிருக்கும் சார்," என்றான் பேலன்ஸ். "மெஷின்ல ஒண்ணும் இருக்காது. வாங்க, பட்டியல் போடலாம்." பேனாவைத் திறந்தான். பிராசஸர். கார்டு. பேலன்ஸ் பற்றித் தையல் கடைக் கதை. அண்ணன்காரர் ரசித்துச் சிரித்தார். இரண்டு தெரு தள்ளி ஒருவர் புகைக்குள் கதவைத் தேடிக்கொண்டிருந்தார். ஏழாவது வரியில் பேனா இருந்தபோதுதான் போன் அடித்தது. தங்கை. பேசவில்லை, கத்திக்கொண்டிருந்தாள்.

மீதிப் படிகளை இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போனான். அங்கே ஒரு டீச்சர் இருந்தார். தீப்பிடித்த நாளிலிருந்து தங்கையைத் தன் வீட்டில்தான் வைத்திருந்தார். பேலன்ஸைப் பார்த்ததும், "உக்காருங்க, டீ போடறேன். ரெண்டு வாய் அவளையும் குடிக்க வைங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தங்கை ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. கொதிக்கிற கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்து இழுத்த கை.

பையைக் காலருகே வைத்தான். டங்.

அவள் பையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எடுத்துட்டியா அண்ணா?"

"ம். நாலு சட்டை. நீலக் கட்டம் போட்டது கிடைக்கல."

"சட்டையைக் கேக்கல."

பேலன்ஸ் பையைக் காலால் பின்னால் தள்ளினான். உள்ளே டீச்சர் பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"அதிகாரி வந்திருக்காங்கம்மா," என்று பேச்சை மாற்றினான். "மெஷின்ல குறை இல்லேன்னுட்டாங்க. ஸ்பாஞ்ச், எக்ஸ்டென்ஷன்... மாப்பிள்ளைதான் கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்ங்கற மாதிரி எழுதறாங்க. எழுதட்டும் விடு. எழுதினா என்ன, எழுதாட்டி என்ன? போன உயிர்..."

"அவர் கவனமா இல்லையா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. இடது கையால் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். நாலாக மடித்தது. அவன் கடையின் விலைப் பட்டியல், அவன் கையெழுத்து. ஏழாவது வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் மாப்பிள்ளையின் கோணல் எழுத்து: 'காசு சேந்ததும் நானே மாத்திக்கணும். மச்சானுக்குத் தெரிய வேண்டாம்.'

பேலன்ஸ் அதை இரண்டு தடவை படித்தான்.

"மெஷின் வந்த அஞ்சாவது நாள். உள்ள கலர் லைட்டு போடணும்னு திறந்தார். சூட்டுல ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியிருந்துச்சு. உரிச்சா கீழ நானூறு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'உங்க அண்ணன் என்னை அளந்து பாத்திருக்கார் பாரு'ன்னு சிரிச்சார். எனக்குத்தான் உயிரே போச்சு. அப்பா போனதுக்கப்புறம் என்னை வளத்தவன், அவன் முகத்துக்கு நேரா இதைக் கேட்டுடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். கேக்கல. கார்டைக் கழட்டிப் பெட்டியில போட்டுக் கட்டிலுக்கடியில வச்சார். அதோட ஒயரையெல்லாம் சேத்து டை போட்டுக் கட்டினார். 'மச்சான் போட்ட பிராசஸர் நல்ல பிராசஸர். அதுக்குள்ள இருக்கற கிராபிக்ஸே எனக்குப் போதும், நானூறு வாட்டு தாங்கும்'னார். மூணு மாசமா மங்கல் படத்துலதான் ஆடினார் அண்ணா. பாக்கறவங்க நானூறுலேர்ந்து நூத்துச் சொச்சமா ஆயிட்டாங்க. நீ எப்ப கேட்டாலும் பறக்குது மச்சான், பறக்குது மச்சான்னு..."

ஒரு ஸ்க்ரூ. அவசரமாக மாட்டிய ஒரே ஒரு ஸ்க்ரூ. வெட்டுப்பட்ட டை. வெள்ளிக் கவர். இன்னிக்குத்தான் கார்டு வாங்கினீங்களா?

"அப்ப..." பேலன்ஸ் அந்தப் பென்சில் வட்டத்தைப் பார்த்தான். "அப்ப அன்னிக்கு எதுக்கும்மா அதை மாட்டினார்?"

மேலே அதிகாரி படியிறங்கி வருகிற சத்தம் கேட்டது. நிதானமான காலடி. தங்கை காகிதத்தை மறுபடி நாலாக மடித்தாள். கட்டுப் போட்ட கையால் அது சரியாக வரவில்லை.

"நீ போன் பண்ணினப்ப ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். வச்சதும் என்னைப் பாத்தார். 'இருபது மெஷின் ஆர்டராம். நான் மங்கல் படம் காட்டினா மச்சான் மானம் போயிடும். அரை மணி நேரம்தானே, தாங்கிடும்'னார். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லல அண்ணா. எனக்கும் உன் மானம்தான் பெருசாப் பட்டுச்சு."

காலடி கடைசிப் படிக்கு வந்துவிட்டது.

"ஒயரைக் கட்டின டையை வெட்டக் கத்தரிக்கோல் கேட்டார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."